வெட்டிய கட்டியை வீசிவிடாதீர்கள்

தொடையிலோ முழங்காலுக்குப் பின்னாலோ ஒரு கட்டி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வயல் வேலையும் நிற்கவில்லை. மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்து ஊர்களில் இப்படி ஒரு கட்டியை மாதக்கணக்கில் சுமந்து நடப்பவர்கள் உண்டு. “கொழுப்புக் கட்டிதான், ஒண்ணும் செய்யாது” என்பார் ஒருவர். “எப்பவோ அடிபட்ட ரத்தக் கட்டு” என்று எண்ணெய் போட்டு நீவிவிடுவார் இன்னொருவர். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். இப்படிப்பட்ட கட்டிகளில் தீங்கற்றவை, புற்றுக் கட்டிகளைவிட நூறு மடங்குக்கும் அதிகம். மிச்சமிருக்கும் அந்தச் சிறு பங்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு சார்கோமா என்று பெயர். தசை, கொழுப்பு, நரம்புறை, ரத்தக் குழாய், மூட்டுகளைச் சுற்றியுள்ள திசு ஆகியவற்றில் எழும் புற்று என்பதால் மென்திசுப் புற்று என்கிறோம். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது ஏறக்குறைய 1 சதவீதம்தான். குழந்தைகளிடம் பங்கு கூடுதல். இந்த ஒரு சதவீதத்துக்குள்ளேயே 70-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒரு பொது மருத்துவர் தம் வாழ்நாளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இதைப் பார்ப்பார். ஆகவே முதலில் பார்ப்பவருக்குச் சந்தேகம் எழாமல் போவதில் வியப்பில்லை. நஷ்டம் அதற்கு அடுத்த கட்டத்தில்தான் தொடங்குகிறது. மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் கட்டியை எடுத்து, தையல் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். எடுத்த கட்டி குப்பைக்குப் போகிறது. ஆறு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வீங்கும்போது, முதலில் இருந்தது என்ன என்று சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை.

நான்கு அடையாளங்களை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கட்டி 5 சென்டிமீட்டரைத் தாண்டியிருப்பது, அதாவது நடுத்தர எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக இருப்பது. தோலுக்கடியில் நழுவாமல் தசைக்குள் ஆழமாக இருப்பது. வளர்ந்துகொண்டே வருவது. ஒருமுறை எடுத்த பிறகு திரும்ப வருவது. இதில் ஒன்று இருந்தாலும் கத்தியைத் தொடும் முன் எம்ஆர்ஐ ஸ்கேன், அதன் பிறகு தடித்த ஊசியால் உள்ளிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி என்பதுதான் முறை. “ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்” என்ற பயம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பின்னால் செய்யப்போகும் அறுவைக்கு ஏற்ற பாதையில், தெரிந்தவர் கையால் எடுக்கப்படும் ஊசிப் பயாப்சியால் அப்படிப் பரவுவது மிக அரிது. கட்டியை அரைகுறையாக வெட்டி எடுப்பதுதான் புற்றுச் செல்களைச் சுற்றிலும் சிதறவிடும்.

அந்தத் துணுக்கு எதற்கு இவ்வளவு முக்கியம்? நோயின் பெயர் அதிலிருந்துதான் தெரியும் என்பது பாதி பதில். நோயாளியின் உடல் அந்தக் கட்டியை எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கிறதா, கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டதா என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. மீதிப் பாதி அதுதான்.

உடலின் எதிர்ப்பாற்றலைக் கொண்டு புற்றுக்கு மருத்துவம் செய்யலாம் என்ற எண்ணத்துக்கு வழி காட்டியதே இந்த அரிய புற்றுதான். 1890-ல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற இளம் அறுவை மருத்துவரிடம் பெஸ்ஸி டாஷீல் என்ற 17 வயதுப் பெண் வந்தாள். கையில் சார்கோமா. முழங்கைக்குக் கீழே வெட்டி எடுத்தும் பயனில்லாமல் 1891 ஜனவரியில் இறந்துபோனாள். மனம் ஆறாத கோலி, மருத்துவமனையின் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினார். கழுத்தில் சார்கோமாவோடு பலமுறை கத்திக்குக் கீழே படுத்த ஒருவர், தோலில் கடும் கிருமித் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்த பிறகு, கட்டி கரைந்து வீடு திரும்பியதாக ஒரு குறிப்பு. அந்த மனிதரை நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் தேடிக் கண்டுபிடித்தார் கோலி. ஏழு ஆண்டுகள் ஆகியும் அவருக்கு நோய் திரும்பியிருக்கவில்லை. பிறகு கோலி, வேண்டுமென்றே கிருமிகளையும், பின்னாளில் கொல்லப்பட்ட கிருமிகளையும் கட்டிக்குள் செலுத்திப் பார்த்தார். சிலர் பிழைத்தார்கள், பலர் பிழைக்கவில்லை. ஏன் என்று விளக்க அன்று ஆளில்லை. கதிர்வீச்சு வந்ததும் அவர் முறை ஓரங்கட்டப்பட்டது. கிருமியைக் காட்டி உடலைத் தட்டி எழுப்பும் அந்த எண்ணம் மட்டும் சாகவில்லை. நம் குழந்தைகளுக்குத் தோளில் போடும் பிசிஜி, இன்று சிறுநீர்ப்பைப் புற்றின் தொடக்க நிலைக்கு முறையான மருந்து.

கோலிக்கு விளங்காமல் போனதை இப்போது ஓரளவு சொல்ல முடியும். நம் ரத்தத்தில் டி செல்கள் என்று ஒரு வகை வெள்ளணுக்கள் உண்டு. உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தன் மேற்பரப்பில் எடுத்துக் காட்டியபடி இருக்கும். எடுத்துக் காட்டும் அந்தத் தாங்கிக்கு எச்எல்ஏ என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மதுரைக்கும் இதற்கும் பழைய தொடர்பு உண்டு. டி செல் அந்தத் துண்டைத் தடவிப் பார்க்கிறது. பழகியதாக இருந்தால் விட்டுவிடும், அந்நியமாக இருந்தால் அந்தச் செல்லைக் கொன்றுவிடும். புற்றுச் செல் இதிலிருந்து தப்பப் பல வழிகள் வைத்திருக்கிறது. காட்டுவதற்குப் புதிதாக எதுவும் இல்லாமல் இருக்கலாம். எச்எல்ஏ தாங்கியையே உள்ளே இழுத்துக்கொள்ளலாம். அல்லது, நெருங்கி வரும் டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற தடைப் புரதத்தை அமுக்கி அதைச் செயலிழக்க வைக்கலாம். பிடி-1 புரதத்தைக் கண்டறிந்த ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவும், அதே போன்ற இன்னொரு தடையை ஆராய்ந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் பிடி-1 தடையை எடுத்துவிடுபவை. இப்படி உடலின் எதிர்ப்பாற்றலைக் கொண்டு செய்யும் மருத்துவமே இம்யூனோதெரபி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று விற்கப்படும் பொடிக்கும் லேகியத்துக்கும் மேலே சொன்ன எதற்கும் சம்பந்தமில்லை. எதிர்ப்பாற்றல் குறைந்துபோனதால் சார்கோமா வருவது அபூர்வம். வந்தவர்களில் பெரும்பாலோர் சளிக் காய்ச்சலைக்கூட எளிதாகத் தாங்கும் திடகாத்திரமானவர்கள். அவர்கள் உடலில் வீரர்களுக்குப் பஞ்சமில்லை. குறிப்பிட்ட அந்தக் கட்டிக்குள் அந்த வீரர்கள் நுழைந்தார்களா, நுழைந்தும் முடங்கிக் கிடக்கிறார்களா என்பதுதான் கேள்வி. லேகியத்தை நம்பிக் கத்தியைத் தள்ளிப்போட்ட குடும்பங்களின் துயரம் பெரிது.

கட்டிக்குள் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதற்கு 2020-ல் ‘நேச்சர்’ இதழில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை முக்கியமானது. 608 மென்திசுச் சார்கோமாக்களை ஆராய்ந்து, எதிர்ப்புச் செல்களின் இருப்பை வைத்து அவற்றை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார்கள். ஒரு முனையில் எதிர்ப்புச் செல்லே எட்டிப் பார்க்காத பாலைவனக் கட்டிகள். மறு முனையில் டி செல்கள் மட்டுமல்லாமல், எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்களும் கூட்டமாகச் சேர்ந்து, கட்டிக்குள்ளேயே ஒரு சிறு நிணநீர்க் கணுவைப் போன்ற அமைப்பைக் கட்டிக்கொண்ட கட்டிகள். வழக்கமாக இந்தச் செல்களுக்குப் பயிற்சி கிடைப்பது கழுத்திலும் அக்குளிலும் இடுப்பிலும் உள்ள நிணநீர்க் கணுக்களில். சித்திரைத் திருவிழா நாட்களில் காவல் நிலையம் தன் கட்டடத்தை விட்டு வந்து மாசி வீதியிலேயே பந்தல் போட்டு உட்கார்ந்துகொள்வதைப் போல, பயிற்சிக் கூடமே கட்டிக்குள் குடிவந்துவிட்ட நிலை இது. இப்படிப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் உயிரோடு இருந்தார்கள். இதில் பெரிதும் கைகொடுத்தவை, அதுவரை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்தாத பி செல்கள்.

மருந்துக்கும் இதற்கும் தொடர்பிருக்கிறது. 2017-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 40 மென்திசுச் சார்கோமா நோயாளிகளுக்குப் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்தார்கள். 7 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. பத்துப் பத்துப் பேராக நான்கு வகை நோயாளிகள். எந்த வகையோடும் சேராத, உருச்சிதைந்த செல்களைக் கொண்ட சார்கோமாவில் 4 பேர். கொழுப்புத் திசுச் சார்கோமாவில் 2 பேர். சைனோவியல் சார்கோமாவில் ஒருவர். மென்தசைச் சார்கோமாவில் ஒருவர்கூட இல்லை. ‘சார்கோமாவுக்கு இம்யூனோதெரபி வேலை செய்யுமா?’ என்று மொத்தமாகக் கேட்பதில் பொருளில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பிறகு பிரான்சில், நிணநீர்க் கணு போன்ற அந்த அமைப்பு கட்டிக்குள் இருப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, இதே மருந்தோடு குறைந்த அளவு கீமோ மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். தேர்ந்தெடுக்காமல் எல்லோருக்கும் கொடுத்தபோது 2.4 சதவீதம் பேருக்கே கட்டி சுருங்கியிருந்தது. தேர்ந்தெடுத்துக் கொடுத்தபோது 30 சதவீதம் பேருக்குச் சுருங்கியது.

எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுவதும் இல்லை. அல்வியோலர் சாஃப்ட் பார்ட் சார்கோமா என்ற, இளம் வயதினருக்கு வரும் மிக அரிய வகை ஒன்று இருக்கிறது. மெதுவாக வளர்ந்து நுரையீரலுக்குப் போகும். கீமோவுக்கு அசைந்து கொடுக்காது. மரபணு மாற்றங்கள் மிகக் குறைவு என்பதால் டி செல்லுக்குக் காட்ட அதனிடம் பெரிதாக எதுவும் இருக்காது என்றே எவரும் நினைப்பார்கள். ஆனாலும் அட்டிசோலிசுமாப் என்ற தடைநீக்கி மருந்தைப் பெற்ற 52 பேரில் 19 பேருக்கு நோய் சுருங்கியது. 2022 டிசம்பரில் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. ஏன் இந்த வகை மட்டும் இப்படி என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

கை, கால்களில் பெரிய கட்டியாக, ஆனால் வேறெங்கும் பரவாமல் இருக்கும் நிலையிலும் இப்போது பலன் தெரிந்திருக்கிறது. 2024 நவம்பரில் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வில், அறுவைக்கு முன் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 52 சதவீதம்; பெம்ப்ரோலிசுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 67 சதவீதம். கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களிடம் அதிகம். தடையை எடுத்துவிட்ட டி செல்கள் சில நேரம் தைராய்டு, குடல், நுரையீரல், கல்லீரல் எதன் மீதும் பாயும். இம்யூனோதெரபி என்றால் கீமோவைவிட ‘இதமானது’ என்ற பேச்சைக் கேட்டு, வயிற்றுப்போக்கையும் மூச்சிறைப்பையும் வீட்டில் பொறுத்துக்கொண்டிருப்பது ஆபத்து. உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மதுரைக்குப் போகும் முன் இன்னொரு வகையைப் பார்த்துவிடுவோம். சைனோவியல் சார்கோமா இளைஞர்களைப் பிடிப்பது. முழங்கால், கணுக்கால் போன்ற மூட்டுகளுக்கு அருகே வரும். இரண்டு நிறப்புரிகள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால் உருவாகும் ஓர் இணைப்பு மரபணுதான் அதன் வேர். இந்தக் கட்டிகள் பலவற்றில் மேஜ்-ஏ4 என்ற புரதம் இருக்கும். நோயாளியின் டி செல்களையே ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, அந்தப் புரதத்தை அடையாளம் காணும்படி ஆய்வகத்தில் மாற்றி, திரும்ப ஏற்றும் மருத்துவத்துக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. திடக்கட்டி ஒன்றுக்கு மரபணு மாற்றிய டி செல் மருத்துவம் அனுமதி பெற்றது அதுவே முதல் முறை. அனுமதிக்கு அடிப்படையான 44 நோயாளிகளில் 43 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. ஒரே முறை ஏற்றுவதற்கு அப்போது அறிவிக்கப்பட்ட விலை 7,27,000 டாலர், நம் கணக்கில் ஏறக்குறைய 6 கோடி ரூபாய்.

விலையைவிட எனக்குக் கவலை தரும் தடை வேறொன்று. இந்த மருந்து எல்லோருக்கும் பொருந்தாது. மேஜ்-ஏ4 துண்டை எடுத்துக் காட்டும் எச்எல்ஏ தாங்கி குறிப்பிட்ட வகையாக இருக்க வேண்டும்: ஏ2 குடும்பத்தில் 02:01, 02:02, 02:03, 02:06 ஆகிய நான்கும்தான் அனுமதிப் பட்டியலில் உள்ளன. ஐரோப்பியர்களிடம் 02:01 மிகப் பரவலாகக் காணப்படுவது. இந்தியர்களிடம் ஏ2 குடும்பத்தின் இன்னொரு கிளையான 02:11 அதிகம். அது அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, அதே நோய், அதே புரதம் உள்ள கட்டி, பணமும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், மதுரை இளைஞன் ஒருவனுக்கு அந்தக் கதவு திறக்காமல் போகும் வாய்ப்பு கூடுதல்.

இதை அறியும் கல்வி மதுரையில் இல்லாததல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எதிர்ப்பியல் துறையில் பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பன், பேராசிரியர் ரா.ம. பிச்சப்பன் போன்றோர் தமிழ்நாட்டு மக்களின் எச்எல்ஏ வகைகளை 1980-களிலேயே அளந்தார்கள்; 1984-ல் அதைச் சர்வதேச ஆய்விதழில் வெளியிட்டார்கள். காசநோய் யாரைத் தாக்குகிறது என்பதற்கும் எச்எல்ஏவுக்கும் உள்ள தொடர்பை 1991-ல் எழுதினார்கள். பின்னர் பிறமலைக் கள்ளர், யாதவர் என மதுரைச் சமவெளிச் சமூகங்களை மரபணு அளவில் தனித்தனியே ஆராய்ந்தார்கள். 1980-களின் ரத்தச் சோதனை முறை ஏ2 என்று மட்டுமே சொல்லும். 02:01-ஐயும் 02:11-ஐயும் பிரித்துக் காட்டாது. இன்றைய மரபணு வாசிப்பு பிரித்துக் காட்டும். அடித்தளம் இங்கேயே போடப்பட்டிருக்கிறது என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு. அதன் மேல் புற்றுநோய்க்கான கட்டடம் எழ வேண்டும் என்ற ஆதங்கமும் உண்டு.

அதுவரை நோயாளியைக் காப்பாற்றுவது எது? நல்ல அறுவை, கதிர்வீச்சு, தேவைப்பட்டால் கீமோ. நம் மக்கள் ‘கரண்டு வைக்கிறது’ என்று சொல்லும் கதிர்வீச்சு, கால்களைக் காத்த கதை தெரிந்திருக்க வேண்டியது. ஒரு காலத்தில் தொடையில் சார்கோமா என்றால் காலை எடுத்துவிடுவார்கள். 1982-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஸ்டீவன் ரோசன்பெர்க், 43 நோயாளிகளைக் கொண்ட சிறிய ஆய்வில், காலை எடுத்தவர்களும், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் பிழைத்திருப்பதைக் காட்டினார். அதே ரோசன்பெர்க்தான் பின்னாளில் டி செல் மருத்துவத்தின் முன்னோடி ஆனார். 2011-ல் அவர் குழு மாற்றியமைத்த டி செல்களை ஏற்றிய 6 சைனோவியல் சார்கோமா நோயாளிகளில் 4 பேருக்குக் கட்டி சுருங்கியது. இதே போல, தமிழ்நாட்டில் எலும்புப் புற்று வந்த கால்களை வெட்டாமல், உள்ளே உலோக எலும்பு பொருத்திக் காக்கும் அறுவையை வளர்த்தெடுத்தவர் சென்னையின் மருத்துவர் மயில்வாகனன் நடராஜன்.

மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை, நம் பேச்சில் பெரியாஸ்பத்திரி, இருக்கிறது. பாலரெங்காபுரத்தில் அரசுப் புற்றுநோய் மையம் இருக்கிறது. சிக்கலான கட்டி என்றால் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தாங்குகிறது. அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் அது பேருதவி. தடைநீக்கி மருந்துகளின் விலைக்கு முன் அது விரைவில் தீர்ந்துபோகும். இந்த இடத்தில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒரு வழி காட்டியது. தலை, கழுத்துப் புற்று முற்றிய நோயாளிகளுக்கு நிவோலுமாபை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும், மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தார்கள். சார்கோமாவில் இது நிறுவப்படவில்லை. ஆயினும் விலையைக் கண்டு திரும்பிவிடாமல் அளவைக் கேள்வி கேட்ட அந்தத் துணிவு சார்கோமாவுக்கும் வர வேண்டும்.

இனி கையில் செய்யக்கூடியவை. எடுத்த கட்டியைப் பாட்டிலில் போட்டு உறவினரிடம் கொடுத்து “லேபில் கொடுத்துடுங்க” என்பது நம் ஊர் வழக்கம். அந்தப் பாட்டிலில் இருப்பது 10 சதவீத ஃபார்மலினா என்று கேளுங்கள். தண்ணீரிலும் சலைனிலும் திசு அழுகிவிடும். கட்டியைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். ஆய்வகம் அந்தத் திசுவை மெழுகில் பதித்து வைக்கும்; அதை பிளாக் என்பார்கள். அறிக்கைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கேட்டு வாங்கிச் செல்லலாம். வெயில் படாமல், உருகாமல் வைத்திருங்கள். சார்கோமாவின் வகையைச் சொல்வதில் அனுபவமுள்ள நோயியல் மருத்துவர் இரண்டாம் முறை பார்ப்பது பல நேரம் சிகிச்சையையே மாற்றிவிடும்.

நிணநீர்க் கணு போன்ற அந்த அமைப்பைப் பார்க்க, முதற்கட்டமாக விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. எந்த மாவட்ட ஆய்வகத்திலும் போடும் இளஞ்சிவப்பு, ஊதாச் சாயத்திலேயே, பழகிய கண்ணுக்கு அது தெரியும். பி செல்லுக்கான ஒரு கூடுதல் சாயம் உறுதிப்படுத்தும். மதுரை மருத்துவக் கல்லூரி 1954-ல் தொடங்கியது. அதைப் போன்ற கல்லூரிகளின் நோயியல் துறைகளில் சேர்ந்திருக்கும் சார்கோமா பிளாக்குகளை எடுத்து, எத்தனை பேரின் கட்டியில் அந்த அமைப்பு இருந்தது, அவர்களில் எத்தனை பேர் நலமாக இருக்கிறார்கள், அவர்களின் எச்எல்ஏ எந்தக் கிளை என்று கணக்கெடுப்பது ஒரு முதுநிலை மாணவர் தம் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய வேலை. அதற்கு வேண்டியது நுண்ணோக்கி, நோயாளிகளின் தொடர் விவரம், பல்கலைக்கழகத்தோடு ஓர் ஒப்பந்தம். பிளாக் வீசப்படாமல் இருந்தால் பத்து ஆண்டு கழித்தும் அந்தக் கணக்கைத் தொடங்கலாம்.